விழாவுக்குத் தேதி இருக்கிறது, குழாய்க்கு இல்லை

கேள்வி: அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் மாணவிகள் கழிப்பறைக்கு ஓராண்டுக்கும் மேலாகத் தண்ணீர் வருவதில்லை. எழுதிக் கேட்டபோதெல்லாம் "நிதி இல்லை, அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்றே பதில். போன வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேசிய நாள் அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் ஒத்திகை நடத்த வேண்டுமாம். முதல் இரண்டு வாரம் எங்கள் பள்ளி மைதானத்தில்தான். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். சீருடை, பேருந்து எல்லாம் அரசு செலவு. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆசிரியர் அறையில் சொன்னால், "இந்தக் கூத்தையெல்லாம் நிறுத்தினாலே நாட்டில் ஒரு பள்ளிகூட இப்படி இருக்காது" என்கிறார் சக ஆசிரியர். வீட்டில் கொழுந்தனார், "அண்ணி, வீட்டுக் கல்யாணத்தைக் கடன் வாங்கியாவது செய்வதில்லையா? நாட்டுக்கு வருஷத்தில் ஒரு நாள் செய்தால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?" என்கிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அரசுக் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் உங்கள் கடிதத்தை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆத்திரம் நியாயம். சக ஆசிரியரின் கணக்கு தப்பு. கொழுந்தனார் சொன்ன உவமை அதைவிடத் தப்பு.

கணக்கைப் பார்ப்போம். 2023 மே மாதம் பிரிட்டனில் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழா நடந்தது. அரசுக்கு ஆன செலவு 7.2 கோடி பவுண்ட். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் சுகாதாரத் துறைக்கு ஒரு வருஷச் செலவு 18,000 கோடி பவுண்டுக்கும் மேல். வகுத்துப் பாருங்கள். முடிசூட்டு விழாவுக்கு ஆன மொத்தப் பணத்தையும் கொடுத்தால் அந்தத் துறை ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஓடும். காலையில் எண்ணத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும்.

பள்ளியிலும் மருத்துவமனையிலும் செலவின் பெரும்பகுதி சம்பளம். அது மாதாமாதம் வந்தாக வேண்டிய பணம். விழாப் பணமோ ஒரு தடவைப் பணம். அதை வைத்து ஒரு தடவை வேலையைத்தான் செய்ய முடியும்: கட்டடம், கூரை, குழாய். விழாவை நிறுத்திய காசில் ஒரு செவிலியரை நியமித்தால், அடுத்த வருஷம் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இதைப் புரிந்துகொண்டு செய்த நாடு தான்சானியா. 2015இல் அதிபராக வந்த மகுஃபுலி, பதவியேற்ற சில வாரங்களிலேயே டிசம்பர் 9 சுதந்திர தினக் கொண்டாட்டத்தை ரத்து செய்தார். அப்போது அங்கே காலரா. அந்த நாளை நாடு முழுக்கத் துப்புரவு நாளாக்கி, தானும் தெருவில் இறங்கிக் குப்பை அள்ளினார். விழாப் பணம் தார் எஸ் சலாமில் ஒரு சாலையை அகலப்படுத்தப் போனது. 2022இல் அதிபர் சாமியா சுலுஹு ஹசன் மறுபடியும் ரத்து செய்தார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் எட்டு விடுதிகள் கட்டப் பணம் திருப்பிவிடப்பட்டது. "கல்விக்குத் தருகிறோம்", "சுகாதாரத்துக்குத் தருகிறோம்" என்று இரண்டு தடவையும் பொத்தாம்பொதுவாக விட்டுவிடவில்லை. எந்தச் சாலை, என்ன கட்டடம் என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லாமல் ரத்து செய்த விழாவின் பணம் கருவூலத்துக்குத் திரும்பிப் போய்க் கடலில் பெய்த மழையாகிவிடும்.

விழாப் பணம் சில்லறை என்ற கணக்குக்கு விதிவிலக்கும் உண்டு. 1977 டிசம்பரில் மத்திய ஆப்பிரிக்கா என்ற நாட்டின் சர்வாதிகாரி போகாசா தனக்குத் தானே பேரரசராக முடி சூட்டிக்கொண்டார். ஆன செலவு சுமார் 2 கோடி டாலர். அந்த ஏழை நாட்டின் ஆண்டு வரவு செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவுக்குப் பெரிய தொகை. அந்த மாதிரி இடத்தில் உங்கள் சக ஆசிரியர் சொல்வது எழுத்துக்கு எழுத்து சரி. மற்ற இடங்களில் அவர் கோபம் சரி, வகுத்தல்தான் உதைக்கிறது.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி சொல்லும் கதை கொஞ்சம் பழையது. 1951 மே மாதம் பிரிட்டனில் ஒரு தேசிய விழா தொடங்கியது. பெயரே 'பிரிட்டன் விழா'. போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் நீங்காத காலம். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் பெரிய கண்காட்சி, நாடு முழுக்க நிகழ்ச்சிகள். செலவு 1 கோடி பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மூன்று வாரம் முன்புதான், ஏப்ரல் 10ஆம் தேதி, நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்திருந்தார். 1948இல் எல்லாம் இலவசம் என்று தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையில், இனிமேல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றார். அந்த ஆண்டில் அதனால் மிச்சமாகும் என்று அவர் போட்ட கணக்கு 1.3 கோடி பவுண்ட். சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சரவையை விட்டே வெளியேறினார்.

இரண்டு தொகையும் கிட்டத்தட்ட ஒன்று. "கிழவியின் பல்செட்டைப் பிடுங்கி வாணவேடிக்கை" என்று தலைப்புப் போட எந்தப் பத்திரிகைக்காரருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் பெவன் விழாவை எதிர்த்து வெளியேறவில்லை. கொரியப் போரையொட்டி மூன்று ஆண்டுகளில் 470 கோடி பவுண்டை ஆயுதங்களுக்குச் செலவழிக்க அரசு முடிவெடுத்திருந்தது. அந்தத் தொகைக்கு முன்னால் விழாவும் சில்லறை, பல்செட்டும் சில்லறை. அவ்வளவு பணத்தை அந்தக் காலத்துக்குள் செலவழிக்கவே முடியாது, மூலப்பொருளும் இயந்திரமும் கிடைக்காது என்று பெவன் வாதாடினார். அடுத்து வந்த சர்ச்சில் அரசே அந்தத் திட்டத்தைக் குறைத்துக்கொண்டது. ஊரெல்லாம் தென்கரை விளக்குகளுக்குக் காத்திருந்தபோது பெவன் வேறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். என் தொழிலில் அவரை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்.

இதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த விழாவின் ஒரு பகுதியாக, கிழக்கு லண்டனில் குண்டு விழுந்து சிதைந்துபோன பாப்லர் பகுதியில் லான்ஸ்பரி குடியிருப்பு என்று ஒன்றைக் கட்டினார்கள். வீடுகள், பள்ளி, சந்தை எல்லாம் அங்கே காட்சிப்பொருள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், குடிவந்தவர்கள் தங்கிவிட்டார்கள். தென்கரைக் கண்காட்சியில் பெரும்பாலானவற்றைச் சர்ச்சில் அரசு இடித்துத் தள்ளியது, இசையரங்கம் தப்பியது. பாப்லர் வீடுகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் பள்ளிக்கு வருவோம். "நிதி இல்லை" என்று எழுதிய அதிகாரி பொய் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. பராமரிப்புக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு இருந்திருக்கும். ஆனால் ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு. காகிதத்தில் இருக்கும் தொகை காலாண்டுக் காலாண்டாகத்தான் கைக்கு வரும். வரி வசூல் சுணங்கிய காலாண்டில் கருவூலம் எதைப் பிடித்து வைக்கும் என்று யோசியுங்கள். சம்பளத்தைப் பிடிக்க முடியாது. கடன் வட்டியைப் பிடிக்க முடியாது. தேசிய நாளைத் தள்ளிப்போட முடியாது. மிஞ்சுவது பராமரிப்பு. குழாய் இன்னும் மூன்று மாதம் காத்திருந்தால் தொலைக்காட்சியில் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பது நீங்கள் ஒருவர்தான். இந்த வருஷம் பிடித்து வைத்தது அடுத்த வருஷம் காலாவதியாகும். பிறகு புது மதிப்பீடு, புது ஒப்புதல், பழைய பதில்.

விழா உங்கள் குழாய்ப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வரிசையில் முந்திக்கொண்டது என்று தாராளமாகச் சொல்வேன். நீங்கள் கோபப்பட வேண்டியது அந்த வரிசையின் மேல்.

தணிக்கையில் எனக்கு அலுக்காத வேடிக்கை ஒன்று உண்டு. விழாக் கோப்பைத் திறந்தால் மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, நாற்காலி அத்தனையும் டெண்டர் விதியைத் தளர்த்தி, ஒரே ஆளிடம் விலை கேட்டு வாங்கியிருப்பார்கள். குறிப்பில் காரணம் எழுதியிருக்கும்: "கால அவகாசம் இல்லை, அவசரம்." தேசிய நாள் என்றைக்கு வரும் என்பது நாடு பிறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது வருஷா வருஷம் திடீரென்று வந்துவிடுகிறது! விழா முடிந்து மேடை பிரிப்பதற்குள் அந்த பில் பாஸாகியிருக்கும். அதே மேசையில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தவரின் பில் ஆட்சேபணைக்கு மேல் ஆட்சேபணை வாங்கிக்கொண்டு கிடக்கும். செய்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, ரசீதில் தேதி தெளிவாக இல்லை. விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு மட்டும் அதைப் படித்துக் காட்டுகிறார்கள்.

விழாச் செலவு என்று அரசு சொல்லும் தொகையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். முடிசூட்டு விழாவின் 7.2 கோடியில் பண்பாட்டுத் துறையின் பங்கு 5.03 கோடி, மீதி 2.17 கோடி காவலுக்காக உள்துறைக் கணக்கில் ஏறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மொத்தம். அந்தக் கணக்கு வெளியே வந்ததும் விழா முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து. அமெரிக்காவில் 2018இல் வாஷிங்டனில் ராணுவ அணிவகுப்பு நடத்தத் திட்டமிட்டபோது, ஆரம்பத்தில் 1 முதல் 3 கோடி டாலர் ஆகும் என்றார்கள். ஆகஸ்டில் மதிப்பீடு 9.2 கோடியைத் தொட்டதும் கைவிட்டார்கள். முன்கூட்டியே முழு மதிப்பீடு வெளியே தெரிந்ததால் விவாதம் நடந்தது.

உங்கள் பள்ளி விஷயத்தில் எந்தத் துறைக் கணக்கிலும் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது: பிள்ளைகளின் ஒரு மாதப் படிப்பு. சீருடைக்கு ரசீது உண்டு, பேருந்துக்கு ரசீது உண்டு, நடக்காமல் போன கணக்குப் பாடத்துக்கு ரசீது கிடையாது. ஒத்திகைக்குப் போகும் நேரத்தில் எந்தப் பாடவேளை போகிறது, எப்போது ஈடுகட்டுவது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

இனிக் கொழுந்தனார். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா தன் பணத்தை, அல்லது தான் அடைக்கப்போகும் கடனைச் செலவழிக்கிறார். யாரை அழைப்பது, எவ்வளவுக்குச் சமைப்பது என்று அவரே முடிவெடுக்கிறார். தப்பானால் அவர் தலையில்தான் விடியும். அரசு விழாவில் செலவழிப்பவர் ஒருவர், அடைப்பவர் இன்னொருவர், முன்வரிசை நாற்காலியில் உட்கார்பவர் மூன்றாமவர். பந்திக்குக் காசு கொடுத்தவரை வெயிலில் நிற்க வைக்கும் கல்யாணத்தை உங்கள் கொழுந்தனார் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்க மாட்டேன். கொண்டாட்டம் வெட்டிச் செலவு என்று சொல்பவர்களில் பலர் தங்கள் வீட்டில் அப்படி இருப்பதில்லை. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் புதுச் சீருடை போட்டு, ஊரே பார்க்க நடந்து போவது ஆயுசுக்கும் நினைவிருக்கும். அணிவகுப்புக்குத் தேர்வாகாத பிள்ளைகள் அழுவதை நீங்களே பார்ப்பீர்கள். நாட்டுக்கு ஒரு நாள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நாளின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் சந்தேகம்.

இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் வந்தது 75ஆவது சுதந்திர தினம். 20 கோடி ரூபாய் செலவில் விழா நடத்தப் போவதாகச் செய்தி வந்ததும் கடும் எதிர்ப்பு. கொண்டாடாவிட்டால், சுதந்திரத்தைக்கூடக் கொண்டாட முடியாதவர்கள் என்று உலகம் சொல்லும் என்பது அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சொன்ன காரணம். எனக்கு அது எடுபடவில்லை. கடன் கொடுத்தவர்கள் அணிவகுப்பைப் பார்த்து மனம் மாறுகிறவர்கள் அல்ல, அவர்கள் வரவு செலவு அறிக்கையைப் படிக்கிறவர்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்களை நோக்கி, "உலகம் என்ன சொல்லும்" என்பது தவறான ஆளுக்குச் சொன்ன பதில். கொடியேற்றி, கீதம் பாடி, ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தால் நாட்டின் மானம் ஒன்றும் குறைந்திருக்காது.

விழாவையும் சேவையையும் ஒரே வண்டியில் பூட்டவும் முடியும். கனடா 2017இல் 150ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது மத்திய அரசு ஏறத்தாழ 50 கோடி கனடா டாலர் ஒதுக்கியது. அதில் 30 கோடி சமூகக் கூடங்கள், பூங்காக்கள், விளையாட்டு அரங்குகளைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும். கொண்டாட்டத்துக்கு அதைவிடக் குறைவு. வழக்கமாகத் தள்ளிப்போகும் பழுதுவேலைக்கு, தள்ளிப்போட முடியாத ஒரு தேதி கிடைத்தது. எந்த ஊர் அதிகாரியும் விழாத் தேதிக்குள் வேலை முடியவில்லை என்று எழுத விரும்ப மாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான், சின்ன அளவில்.

பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இரண்டு வாரம் உங்கள் மைதானத்தில் ஒத்திகை பார்க்கப்போகிறார்கள். அத்தனை மாணவிகளும் காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கப்போகும் இடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. கடிதத்தில் விழாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டாம். "ஒத்திகை இடத்துக்கான முன்னேற்பாடு" என்று பொருள் போடுங்கள். எத்தனை மாணவிகள் வருவார்கள், எத்தனை கழிப்பறை இருக்கிறது, எதில் தண்ணீர் வரவில்லை, கோளாறு குழாயிலா மோட்டாரிலா தொட்டியிலா, எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும் என்று எழுதுங்கள். பழைய விண்ணப்பங்களின் தேதியையும் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளம்பரிடம் எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி இணையுங்கள். தொகை தெரியாத கோரிக்கையை எந்த அலுவலகமும் தொடாது. பிள்ளைகளின் வசதிக்கு ஆகும் செலவு ஒத்திகை ஏற்பாட்டுக்குள் அடங்கும் என்று காட்டினால், பராமரிப்புத் தலைப்பில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கென்று பிரித்த கணக்கில், பணம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தணிக்கையாளனாகச் சொல்கிறேன், இதை நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன்.

கடிதம் தலைமை ஆசிரியர் கையெழுத்தில் போகட்டும். அவர் தயங்கினால் பெற்றோர் சங்கம் அனுப்பட்டும். அரசு ஊழியர் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கப் பல நாடுகளில் பணி விதிகள் இடம் தருவதில்லை. முகநூலில் கொட்டித் தீர்க்கும் முன் உங்கள் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

தகவல் அறியும் சட்டம் உங்கள் நாட்டில் இருந்தால், பெற்றோர் ஒருவர் தன் பெயரில் இன்னொரு மனுவும் போடலாம். "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று தட்டிக் கழித்துவிடுவார்கள். எவ்வளவு, எந்தத் தலைப்பு, எந்தத் தேதி என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இந்த நிதியாண்டில் பள்ளிப் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, என்றைக்கு? தேசிய நாளுக்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, என்றைக்கு? ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றிய மறு ஒதுக்கீட்டு ஆணைகள் இருந்தால் நகல் வேண்டும். இரண்டு தேதிகளும் ஒரே தாளில் வந்துவிட்டால், நான் மேலே சொன்ன வரிசை உங்கள் ஊரில் எப்படி நகர்கிறது என்பது தெரிந்துவிடும். பணம் உண்மையிலேயே குழாய்த் தலைப்பிலிருந்து மேடைக்குப் போயிருந்தால் அதுவும் அந்த ஆணையில் இருக்கும். அப்போது சக ஆசிரியரிடம் போய், அவர் சொன்னது உங்கள் பள்ளியைப் பொறுத்தவரை சரிதான் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் கடிதம் இந்த வாரமே போக வேண்டும். ஒத்திகை தொடங்கிய பிறகு போனால், சமாளித்துக்கொள்கிறார்கள் என்று கோப்பை மூடிவிடுவார்கள். நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.